உள் மெசின்காரர்

அவரிடம் ஒரு சேதியைச் சொல்லி, இன்னாரிடம் சேர்த்துவிடுங்கள் என்று யாரும் கேட்டுவிட முடியாது. "நீங்களே சொல்லிக்கிங்க" என்பார். கெஞ்சினாலும் அதே பதில், திட்டினாலும் அதே பதில்.

வேறு யாராவது அப்படி இருந்தால் பரவாயில்லை. இவர் சனங்கள் வந்து போன் பேசுகிற கம்யூனிகேஷன் கடை வைத்திருந்த மனுசன். கரவனெல்லயிலிருந்து யட்டியாந்தோட்டைக்குப் போகிற ரோட்டில் ஒரு சின்ன பஜார், அதில் ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடி. கைபேசி வந்துவிட்டிருந்தாலும் எங்கள் ரப்பர் மலைகளின் மடிப்புக்குள் சிக்னல் எட்டாது. கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் கடைக்குத்தான் போன் எடுப்பார்கள். மற்றக் கடைக்காரர்கள் என்றால் சேதியைக் கேட்டு வைத்து, பஸ்ஸில் ஏறுகிற யாரிடமாவது சொல்லி அனுப்புவார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயங்களில் பாதிக் கல்யாணமும் முக்கால்வாசிச் சண்டையும் அப்படித்தான் வந்து சேர்ந்தன. இவர் மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் நம்பரை எழுதி ஆணியில் குத்தி வைப்பார். ஆள் வந்து, தானே அந்த நம்பருக்கு எடுத்து, தன் காதால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் அங்கே டைப் அடிக்கப் போன புதிதில், ரப்பர் பால் வெட்டுகிற ஒரு ஆள் சிரித்துக்கொண்டே படியேறி வந்தார். மனைவியைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். "போன் வந்துச்சாமே, என்னா புள்ளைன்னு சொன்னாங்களா?" என்று கேட்டார். அன்று காலை அந்த அழைப்பை எடுத்தது அண்ணன்தான். (நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்.) அவர் முகத்தில் ஒன்றுமில்லை. "எடுத்துத் தாறேன், நீங்களே பேசுங்க" என்று நம்பரைச் சுற்றினார். அந்தப் பக்கத்தில் யாரையோ கூப்பிட்டு வரப் போனார்கள் போலிருக்கிறது. அந்த மனுசன் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, ஆண் பிள்ளை என்றால் என்ன பேர் வைப்பது என்று எங்களிடம் பேசிக்கொண்டே நின்றார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார். தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

அந்த ஆள் போன பிறகு நான் கத்தினேன். "நீங்க மனுசந்தானா? முன்கூட்டியே ஒரு வார்த்த பக்குவமா சொன்னா என்னா கொறஞ்சு போயிரும்?"

"நான் சொன்னா நான் சொன்னதாயிரும் தங்கச்சி" என்றார். கோபமில்லாமல், அரிசி விலை சொல்வது மாதிரி சொன்னார். எனக்கு அன்றைக்கே வேலையை விட்டுவிடலாம் போலிருந்தது. ஆனால் ஏ லெவல் படித்துவிட்டு ரப்பர் காட்டுக்குள் வாளி தூக்க மனம் வரவில்லை, அதனால் இருந்தேன்.

அவர் எல்லாவற்றையும் பிரித்தே வைப்பார். மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரித்தால் பருப்பு ஒரு ஓரம், கிழங்கு ஒரு ஓரம், சம்பல் ஒரு ஓரம். ஒன்றோடு ஒன்று தொடவிடாமல் ஒவ்வொன்றாகச் சாப்பிடுவார். "வயித்துக்குள்ளயும் பாத்தி கட்டி வச்சிருக்கீங்களாண்ணே?" என்று கிண்டல் பண்ணுவேன். அதற்கு மட்டும் லேசாகச் சிரிப்பார். அவர் போனில் ஒரு பெயர்கூடப் பதிந்து வைத்திருக்கவில்லை. எத்தனை நம்பர் வேண்டுமானாலும் மனதிலிருந்து சொல்வார். அழைப்பு வந்து முடிந்ததும் அந்தப் பதிவையும் அழித்துவிடுவார். கல்யாணம் ஆகவில்லை. றக்வானப் பக்கம் ஒரு தங்கச்சி இருக்கிறாள் என்று மட்டும் தெரியும். நம்மைப் பற்றி எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வார், மாமியார் சண்டை வரைக்கும். தன்னைப் பற்றி வாய் திறக்க மாட்டார். எனக்கு அது சில நேரம் எரிச்சலாகவும் சில நேரம் பயமாகவும் இருந்தது.

கம்ப்யூட்டரிலும் அதே குணம்தான். கடையில் இருந்தது ஒரே ஒரு மெசின். அதில் அவர் போட்டிருந்தது லினக்ஸ். தபாலில் இலவசமாக வந்த சீடி. அந்த லினக்ஸுக்குள்ளே, ஒரு ஜன்னலைத் திறந்தால், வின்டோஸ் ஓடுகிற இன்னொரு கம்ப்யூட்டர் எழும்பும். உண்மையில் இல்லாத கம்ப்யூட்டர், இந்தக் கம்ப்யூட்டர் நடித்துக் காட்டுவது. நாங்கள் அதை உள் மெசின் என்போம், மற்றதை வெளி மெசின் என்போம். பள்ளிக்கூடப் பேப்பர், கல்யாணக் கார்ட், பொலிஸ் நோட்டீஸ், ஈமெயில் எல்லாம் வெளியில். சனங்களின் சொந்தக் கடிதங்கள் உள்ளே.

அது இரண்டாயிரத்து எட்டு, வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அந்தச் சொந்தக் கடிதங்கள் என்னவென்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் பிளேட் கழுவுகிற பையன், நகைக்கடை வாசலில் நிற்கிற பையன், பொலிஸ் சுற்றி வளைத்த ரவுண்டப்பில் பிடிபட்டான், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை, விசாரித்துத் தாருங்கள் என்று எழுதுகிற மனுக்கள். எங்கள் பக்கம் மட்டும் நாற்பத்தொரு வீட்டு மனு உள் மெசினில் இருந்தது. அந்த உள் மெசின் முழுவதும், ஆட்கள், விலாசம், அடையாள அட்டை நம்பர் எல்லாம் சேர்ந்து, வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு ஃபைல். யாராவது வந்து தேடினால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் அப்படி வைத்திருந்தார்.

எனக்கு ஆத்திரம் வந்தது கிளிப்போர்ட் விஷயத்தில். ஓரிடத்தில் கொப்பி எடுத்ததையோ வெட்டியதையோ இன்னோரிடத்தில் ஒட்டும்வரை கம்ப்யூட்டர் கையில் பிடித்துக்கொண்டிருக்குமே, அதுதான். உள் மெசினுக்கும் வெளி மெசினுக்கும் அது பொதுவாக இருக்கும்படி செட்டிங்கில் ஒரு இடம் இருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே, உள்ளேயிருந்து வெளியே, இரண்டு பக்கமும், அல்லது ஒன்றுமே வேண்டாம். அவர் ஒன்றுமே வேண்டாம் என்று வைத்திருந்தார். அதனால் உள்ளே இருக்கிற ஒரு விலாசம் வெளியில் தேவைப்பட்டால், அதைப் பார்த்துக் காகிதத்தில் எழுதி, ஜன்னலைச் சுருக்கி, மறுபடி டைப் அடித்து, பிறகு அந்தக் காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. என் விரல்கள் வேகமானவை, பொறுமைதான் கிடையாது.

"ரெண்டு பக்கமும் தொறந்து விட்டா என்னாண்ணே? ஒங்க மெசினு, நீங்களே ரெண்டு பக்கமும் ஒக்காந்திருக்கீங்க, யாரு என்னா பண்ணப் போறா?"

நான் கேட்டதற்கும் அதற்கும் சம்பந்தமில்லாத மாதிரி, "கொழும்புல கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில இருந்தேன். மெசின் செய்யக் குடுத்த ஒருத்தன் புடிபட்டான், அவன் போன்ல என் நம்பர் இருந்துச்சு. அவ்வளவுதான். பதினோரு மாசம் உள்ள வச்சிருந்தாங்க" என்றார்.

அவர் தன்னைப் பற்றிச் சொன்னது அந்த ஒன்றுதான். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் கொழும்புக்குப் போவார். அது பொலிஸில் கையெழுத்துப் போடுவதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. போய் வந்தால் மறுநாள் கடை திறக்க மாட்டார். காய்ச்சல் என்பார்.

அப்படி ஒரு வியாழக்கிழமை நான் தனியாக இருந்தேன். ஈமெயிலில் அனுப்ப வேண்டிய ஒரு நீளமான மனு உள்ளே இருந்தது. இரண்டு பக்கம். அதை யார் பார்த்துப் பார்த்து அடிப்பது? உள் மெசினை அணைத்து, செட்டிங்கைத் திறந்து, இரண்டு பக்கமும் என்று மாற்றி, மறுபடி போட்டேன். உள்ளே கொப்பி எடுத்தேன், வெளியே வந்து ஒட்டினேன், அப்படியே வந்து விழுந்தது. சந்தோஷத்தில் தனியாகவே சிரித்தேன். பின்னேரம் மாற்றி வைத்துவிடலாம், மனுசனுக்குத் தெரியவா போகிறது என்று நினைத்தேன்.

பத்து மணிபோல பாக்கியம் அக்கா வந்தாள். பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள், புருசன் இல்லை, இரண்டு ஆண் பிள்ளைகள். பெரியவனைக் கொழும்பில் தங்கியிருந்த அறையில் வைத்துப் பிடித்துப் போயிருந்தார்கள். சின்னவனும் அதே அறையில்தான் இருந்தான். அன்றைக்குக் கடையில் வேலையாக இருந்ததால் தப்பி, லயத்துக்கு வந்து ஒளிந்த மாதிரி இருந்தான். பெரியவனுக்காக எழுதிய மனுவில், கூடத் தங்கியிருந்த சாட்சி என்று சின்னவன் பேரையும் அடையாள அட்டை நம்பரையும் லயத்து விலாசத்தையும் சேர்த்திருந்தோம்.

"தங்கச்சி, ராவெல்லாம் தூக்கமில்ல. சின்னவன் பேரு வேணாம். எடுத்துருங்க. பெரியவனுக்கு நடந்தது போதும்" என்றாள்.

"இந்தா, ஒங்க கண்ணு முன்னாலயே எடுத்துர்றேங்க்கா" என்றேன்.

உள் மெசினில் அந்த மூன்று வரியையும் தெரிவு செய்து எடுத்தேன். அழிக்கவில்லை, வெட்டினேன். எழுத்தை எடுக்க வேண்டுமென்றால் என் விரல் எப்போதும் வெட்டுகிற பட்டனுக்குத்தான் போகும். வெட்டினாலும் அழித்தாலும் பக்கத்திலிருந்து போய்விடும்தானே. பாக்கியம் அக்கா திரையைப் பார்த்து, எழுத்துத் தெரியாவிட்டாலும் அந்த இடம் வெறுமையானதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அவள் போய் ஐந்து நிமிஷம் இருக்காது, ராலாமி படியேறி வந்தார். பொலிஸ்காரர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மாதாமாதம் தோட்டங்களில் ஒட்டுகிற தமிழ் நோட்டீஸுக்கு வருவார். அவருக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. வெளியே தங்கி வந்தவர்கள் பதிய வேண்டும், கீழே குறிப்பிடப்பட்டவை ஞாயிற்றுக்கிழமைக்கு முன் நிலையத்துக்குக் கொண்டுவரப்பட வேண்டும், அதன் கீழே அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகர் கடிதம், குடும்பப் படிவம். மாதாமாதம் அதேதான், திகதியும் தேவையான காகிதங்களும் மட்டும் மாறும். கீழே ரோட்டில் ஜீப் எஞ்சினை நிறுத்தாமல் நின்றது. "இக்மன் கரன்ன நங்கி, இக்மன்" என்று மேசையைத் தட்டித் தட்டி அவசரப்படுத்தினார்.

இந்த மாதம் தேவைப்பட்ட பட்டியல் வேறொரு பழைய நோட்டீஸில் இருந்தது. அதைக் கொப்பி எடுத்தேன். எடுத்ததாகத்தான் நினைத்தேன். உள் மெசினும் ஓடிக்கொண்டிருந்ததால் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் அழுத்தியதை அது வாங்கவில்லை. புதிய நோட்டீஸில் வந்து ஒட்டுகிற பட்டனை அமுக்கினேன். திரை அசையவில்லை. ராலாமி மறுபடி மேசையைத் தட்டினார். பிரிண்ட் கொடுத்தேன். கொஞ்சம் பொறுத்து பிரிண்டர் ஓடியது. வந்த தாளைப் பார்க்காமல் போட்டோ கொப்பி மெசினில் குப்புறப் போட்டு நாற்பது கொப்பி அடித்துக் கொடுத்தேன். பின்னேரம் மெசினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். செட்டிங்கை மாற்றி வைக்க மறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போலக் கடை மூடி. பிறகு சனி, ஞாயிறும் கடை இல்லை.

திங்கட்கிழமை காலை பாக்கியம் அக்கா, சுவரிலிருந்து பிய்த்த நோட்டீஸும் கையுமாகப் படியில் உட்கார்ந்திருந்தாள். அழுது தீர்ந்த முகம். நடந்ததை அவள் சொன்னாள். நோட்டீஸைப் பெரட்டுக் களத்தில் ஒட்டியிருக்கிறார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் கூடுகிற இடம். தோட்டத் தலைவர் சத்தமாக வாசித்திருக்கிறார். கீழே குறிப்பிடப்பட்டவை நிலையத்துக்குக் கொண்டுவரப்பட வேண்டும். அதன் கீழே அவளுடைய சின்ன மகனின் பேர், அடையாள அட்டை நம்பர், லயத்து நம்பர், காம்பரா அறை நம்பர்.

"ஒளிச்சு வச்சா வீடு பூந்து அடிச்சுப் புடிப்பாங்க, நாமளே கொண்டு போனா மரியாதையா விசாரிச்சு விட்ருவாங்கன்னு தலவரு சொன்னாரு. நாந்தான் தங்கச்சி குளிக்க வச்சு, வெள்ளச் சட்ட போட்டு, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்."

நிலையத்தில் அவர்களுக்கே ஒன்றும் விளங்கவில்லையாம். இப்படி ஒருத்தனை யாரும் தேடவில்லை. ஆனால் வந்தவனை என்ன ஏது என்று கேட்டதில் அவன் அண்ணன் கொழும்பில் உள்ளே இருக்கிறான் என்பது வந்திருக்கிறது. கொழும்புக்குப் போன் எடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

கடை திறக்க வந்த எங்கள் கடைக்கார அண்ணன் அந்த நோட்டீஸை வாங்கி வாசித்தார். பிறகு கம்ப்யூட்டரைப் போட்டு, செட்டிங்கைத் திறந்து, ஒரு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு பார்வைதான். திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"என் பிழைதான் அக்கா" என்றார் பாக்கியம் அக்காவிடம். "வியாழக்கெழம பஸ் ஏறுறதுக்கு முந்தி நானே அடிச்சு வச்சிட்டுப் போனேன். இந்தப் புள்ள பட்டனத் தட்டினது மட்டுந்தான்."

அவள் அவரை அடித்தாள். இரண்டு கையாலும், நெஞ்சில், முகத்தில். அவர் தடுக்கவில்லை. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். நான்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பயம். வேறொன்றுமில்லை, வெட்கம் கெட்ட பயம்.

அவள் இறங்கிப் போன பிறகு, அவர் உள் மெசினின் அந்த ஒரு ஃபைலைத் தேடி எடுத்தார். சும்மா அழித்தால் திரும்ப எடுத்துவிடுவார்கள் என்று, அதன் மேலே வெறும் எழுத்தாக எழுதி அழிக்கிற கட்டளையைக் கொடுத்தார். அது மெதுவாகத்தான் நடக்கும். பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"என்னாண்ணே பண்றீங்க? அதத் தொறந்து காட்டினா வெளங்கிருமே. மனுவுல இருந்து வெட்டினது தவறிப்போய் ஒட்டிருச்சுன்னு காட்டலாமே. சின்னவன விட்ருவாங்களே" என்று அழுதேன்.

"எதுல இருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. காட்டினா ஒரு மனுவையா பாப்பாங்க? நாப்பத்தொரு வீடு தங்கச்சி" என்றார்.

கீழே ரோட்டில் ஒவ்வொரு வாகனம் போகும்போதும் நான் படியைப் பார்த்தேன். அவர் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகியது. முடிந்ததும் எழுந்து முகம் கழுவி, நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "நான் போய்ப் பிழை என்னோடதுன்னு சொல்லிப் பாக்கிறேன். நீங்க வீட்டுக்குப் போங்க. நாளைக்குக் கட தொறக்க வேணாம்" என்றார்.

அவர் பொலிஸ் நிலையத்துக்குள் நடந்து போனதைப் பஜாரில் பலர் பார்த்திருக்கிறார்கள். வெளியே வந்ததை யாரும் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து அந்த ராலாமியும் இன்னொருவரும் என் வீட்டுக்கு வந்து, நோட்டீஸை அடித்தது யார், நீயா, கடைக்காரனா என்று சிங்களத்தில் கேட்டார்கள். என் புருசன் வாசலில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றார். கடைக்கார மாத்தயா அடித்து வைத்திருந்ததை நான் பிரிண்ட் மட்டும்தான் எடுத்தேன் என்று சொன்னேன். எழுதிக்கொண்டு போனார்கள். மறுபடி யாரும் வரவில்லை. அப்படியென்றால் அவர் அங்கேயும் என் பேரைச் சொல்லவில்லை.

பெரியவனை அடுத்த மாதமே விட்டுவிட்டார்கள். சின்னவன் சண்டை முடிந்து சில மாதம் கழித்து வந்தான், ஒரு காது கேட்காமல். அவர் வரவில்லை. றக்வானவிலிருந்து அவர் தங்கச்சி வந்து, கடைச் சாமான்களைக் கட்டிக்கொண்டு போனாள். அண்ணன் கடைசியாக என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டாள். கடை திறக்க வேண்டாம் என்று சொன்னார் என்றேன்.

சின்னவன் வந்த கிழமை, பாக்கியம் அக்கா ஒரு பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு என் வீட்டுக்கு வந்தாள். உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். "அந்த நாசமாப்போனவன் எங்க கெடந்து அழுகுறானோ, அழுகட்டும்" என்றாள். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒன்னய நான் மறக்க மாட்டேன் தங்கச்சி. எம் மகன் பேரை எடுன்னு சொன்னதும் என் கண்ணு முன்னாலயே எடுத்த. நீதான எடுத்த?"

"ஆமாக்கா" என்றேன். "நாந்தான் எடுத்தேன்."